ஆஸ்திரேலியாவில் 40 வயதில் முதல்முறையாக மருத்துவமனைக் காப்பீடு எடுத்தால் அபராதம் உண்டா?

பொதுவாக உண்டு. 31 வயது நிறைந்தபின் வரும் ஜூலை 1-க்குள் தனியார் மருத்துவமனைக் காப்பீடு எடுக்காவிட்டால், 30-ஐத் தாண்டிய ஒவ்வொரு வயதுக்கும் பிரீமியம் 2% கூடும். 40-இல் சேர்ந்தால் 20%; உச்சவரம்பு 70%. இடைவிடாமல் 10 ஆண்டு கட்டினால் இந்தக் கூடுதல் நீங்கிவிடும். புதிதாகக் குடியேறியவரா? சரி, மெடிகேரில் (அரசின் பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) முழுப் பயனாளியாகப் பதிந்த 12 மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள், கூடுதல் வராது.

என்னைக் கேட்டால், பணத்தைவிடக் காத்திருப்புதான் ஆளைச் சிக்கவைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்க, சேர்ந்தபின் 12 மாதம் வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் நோயைக் கண்டுபிடித்திருக்கவே வேண்டாம். சேர்வதற்கு முந்தைய 6 மாதத்தில் அறிகுறி இருந்தாலே போதும், அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பிரசவத்துக்கும் 12 மாதம்தான், ஆகவே கர்ப்பமானபின் சேர்ந்து பயனில்லை. மனநல சிகிச்சைக்கு 2 மாதம்தான்.