அரசாங்கம் சொல்ற சாதனைக் கணக்கு உண்மையான்னு சாதாரண ஆள் எப்படிக் கேக்கறது? ஆஸ்பத்திரி, ஸ்கூல், கேஸ், கரண்ட் விஷயத்துல?

ஓட்டு போடறதத் தவிர வேற வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா எதைக் கேக்கணும்னு தெரியாம போய் நின்னா ஒண்ணும் நடக்காது, நம்ம ஆளுங்க சறுக்கறது அங்கதான். நான் தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மனு எழுதிக் கொடுக்கறது அந்தக் கடையோட ஒட்டிக்கிட்டு வந்த தொழில். வர்றவங்க முக்கால்வாசிப் பேரு "ஏன் இன்னும் செய்யலன்னு நல்லா காரமா எழுதுங்கண்ணே"ம்பாங்க. காரமா எழுதறதுல நமக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா அந்த மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு வரி பதில் வரும், அதோட கதை முடிஞ்சிரும்.

எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும், மத்தியோ மாநிலமோ, மேடையில சொல்றது கொடுத்த கணக்கு. இத்தனை கோடி இணைப்பு கொடுத்தோம், இத்தனை லட்சம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோனோம், இத்தனை பேருக்கு சீட்டு கொடுத்தோம். அது பெரும்பாலும் பொய்யும் கிடையாது. ஆனா கொடுத்தப்புறம் என்ன ஆச்சுன்னு இன்னொரு கணக்கு இருக்கும், அது எங்கயாவது ஒரு ரெஜிஸ்டர்லயோ ரிப்போர்ட்லயோதான் படுத்திருக்கும், மேடைக்கு வராது. நான் எப்பவும் அந்த ரெண்டாவது கணக்கைத்தான் கேக்கச் சொல்வேன்.

கேஸ் விஷயத்தையே எடுத்துக்குங்க. ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கற மத்திய அரசோட உஜ்வாலா திட்டம் 2016 மே 1ஆம் தேதி உத்தரப்பிரதேசத்துல பல்லியாவுல ஆரம்பிச்சாங்க, 2019 செப்டம்பருக்குள்ள 8 கோடி இணைப்பு கொடுத்து முடிச்சாங்க. பெரிய வேலை, ஒத்துக்கணும். அதே 2019-ல சிஏஜி, அதாங்க தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஒரு ரிப்போர்ட் வச்சார். அவர் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்கங்கறதோட நிக்கல, வாங்கினவங்க வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் மாத்தினாங்கன்னு பார்த்தார். உஜ்வாலா வீடுகள்ல சராசரி 3.21, மத்த வீடுகள்ல 6.73. அதாவது பாதிகூட இல்ல. இணைப்பு இருக்கு, அடுப்பு இருக்கு, ஆனா சிலிண்டர் காலியானா அடுத்தது வாங்கக் காசு இல்ல, திரும்பவும் விறகுதான், புகைதான், திட்டம் எந்தப் புகையை ஒழிக்க வந்துச்சோ அதே புகை. இன்னொரு பக்கம் சில இணைப்புகள்ல ஒரே மாசத்துல அளவுக்கு மீறி சிலிண்டர் போயிருக்கு, ஒரு குடும்பம் அவ்வளவு சமைக்குமா என்ன, அது ஏதோ டீக்கடைக்கோ ஓட்டலுக்கோ போயிருக்கும்னு சந்தேகம் வருமா வராதா.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, 2022 மேல உஜ்வாலாக்காரங்களுக்கு சிலிண்டருக்கு 200 ரூபா மானியம்னாங்க, 2023 அக்டோபர்ல அது 300 ஆச்சு. இப்ப அமைச்சகமே தலைக்கு எத்தனை சிலிண்டர்ங்கற கணக்கைச் சொல்லுது, 2019-20-ல 3.01 இருந்தது 2023-24-ல 3.95 ஆச்சுன்னு. போதுமா போதாதாங்கறது வேற பேச்சு. ஆனா பாருங்க, வெறும் இணைப்புக் கணக்கை மட்டும் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாத நிலை வந்திருக்கு. கேட்டதாலதான் வந்துச்சு.

ஆஸ்பத்திரி விஷயத்துல நம்ம மாநிலத்துலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. தமிழ்நாட்டுல 2020 வாக்குல ஸ்டெப்ஸ்னு, பிரஷர், சுகர் மாதிரி வியாதிகளைப் பத்தி ஒரு சர்வே எடுத்தாங்க. பிரஷர் இருக்கறவங்கள்ல கட்டுப்பாட்டுக்குள்ள இருந்தது நூத்துக்கு 7.3 பேரு, சுகர்காரங்கள்ல 10.8. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கற திட்டம். ஒரு கோடியாவது பயனாளின்னு விழாவெல்லாம் நடந்துச்சு. அப்புறம் ரெண்டாவது ஸ்டெப்ஸ் சர்வேயில பிரஷர் கட்டுப்பாடு 17 சதவீதம், சுகர் 16.7னு வந்துச்சு. இதை நான் பாராட்டுவேன், ஏன்னா தன் திட்டம் வேலை செஞ்சுதான்னு தானே அளந்து பார்த்த அரசாங்கம் ரொம்பக் கம்மி. ஏறியிருக்கு, நல்லது. ஆனா அப்பவும் நூறு பிரஷர்காரங்கள்ல 83 பேருக்குக் கட்டுப்படல, அப்ப ஒரு கோடி, ரெண்டு கோடிங்கற விழாக் கணக்குக்கு என்ன அர்த்தம்னு கேக்கற உரிமை நமக்கு இருக்கு.

இதையே உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேக்கலாம். மருந்தெல்லாம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தோட மாவட்டக் கிடங்குல இருந்து வருது, 1990கள்ல இருந்தே இந்த முறைதான், மத்த மாநிலத்துக்காரங்க வந்து பார்த்துட்டுப் போற அளவுக்குப் பேர் வாங்கின முறை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, எவ்வளவு ஒதுக்கினாங்க எவ்வளவு எடுத்தாங்கன்னு அதுல பதிவாகும். "மாத்திரை இல்லன்னு திருப்பி அனுப்பறாங்க"ன்னு புகார் எழுதறதுக்குப் பதிலா, போன ஒரு வருஷத்து பாஸ்புக் நகலும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இருப்புப் பதிவேட்டு நகலும் கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க. எந்தெந்த மாசம் இருப்பு சைபரா இருந்துச்சுன்னு அதுவே சொல்லிரும், நீங்க யார்மேலயும் குத்தம் சொல்ல வேண்டியதே இல்ல. எங்க பக்கத்துல ஒரு சுகாதார நிலையத்துக்கு ஒரு பெரியம்மா இப்படிப் போட்டாங்க, நகல் வர்றதுக்கு முன்னாடி மாத்திரை வந்துருச்சு. தற்செயலா வந்துச்சோ என்னவோ, நான் ஒண்ணும் சொல்லல.

மதுரை எய்ம்ஸ் கதை தெரியாத ஆள் கிடையாது. 2015 பட்ஜெட்ல தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ்னு அறிவிச்சாங்க, எந்த ஊர்னு முடிவு பண்ணவே 2018 ஆச்சு, 2019 ஜனவரி 27 தோப்பூர்ல பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்புறம் பல வருஷம் சுத்துச்சுவரும் பொட்டல்காடும்தான். 2021 எலெக்‌ஷன்ல உதயநிதி ஸ்டாலின் ஒத்தைச் செங்கலைத் தூக்கிக் காட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், செங்கல் வைரல் ஆச்சு. ஆனா செங்கலைவிட எனக்கு முக்கியமாப் படறது, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆர்டிஐ, அதாங்க தகவல் உரிமைச் சட்ட மனு, போட்டுக்கிட்டே இருந்தவங்க, ஹைகோர்ட் மதுரை கிளையில வழக்கு போட்டவங்க, நாடாளுமன்றத்துல கேட்ட எம்பிக்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் துண்டு துண்டா வெளிய வந்துச்சு. ஜைக்காங்கற ஜப்பான் அரசு நிறுவனத்தோட கடனை நம்பிப் போட்ட திட்டம் இது, அந்தக் கடன் ஒப்பந்தமே 2021 மார்ச்லதான் கையெழுத்தாச்சு, அதாவது அடிக்கல் நாட்டி ரெண்டு வருஷம் கழிச்சு. 1,264 கோடியா இருந்த மதிப்பீடு 1,977.8 கோடியா ஏறுச்சு. கட்டடம் இல்லாமயே 2022-ல 50 மாணவங்களைச் சேர்த்து ராமநாதபுரம் அரசு மெடிக்கல் காலேஜ்ல உக்கார வச்சாங்க. கட்டுமானம் 2024 மார்ச்லதான் தொடங்குச்சு. அடிக்கல் நாட்டற அன்னிக்கே யாராவது "கடன் ஒப்பந்தம் கையெழுத்தாச்சா, தேதி என்ன"ன்னு கேட்டிருந்தா அந்த விழாவோட நிஜமான எடை அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இனிமே எந்த ஊர்ல எந்த அடிக்கல் விழா நடந்தாலும் கேக்க வேண்டியது மூணு: நிர்வாக ஒப்புதல் ஆணை நம்பர், பணம் எங்கிருந்து வருது, டெண்டர் எப்ப.

ஸ்கூல் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏன்னா ரெண்டு அரசாங்கமும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்ட ரொம்ப வசதியான இடம் அது. கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல 25 சதவீத சீட்டு ஏழைப் பிள்ளைங்களுக்கு, ஃபீஸை அரசாங்கம் கட்டணும். 2025-ல நம்ம மாநிலத்துல அந்த அட்மிஷன் ஜூன்ல தொடங்கவே இல்ல. மத்திய அரசு ஸ்கூல் கல்விக்குன்னு தர்ற சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடியைக் கொடுக்கலன்னு மாநிலம், தேசிய கல்விக் கொள்கையை ஏத்துக்கற பிஎம்ஸ்ரீ ஸ்கூல் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலன்னு மத்தி. நடுவுல ஒருத்தர் பொதுநல வழக்குப் போட்டார். இந்த 25 சதவீதப் பணத்தைத் தேசிய கல்விக் கொள்கையோட முடிச்சுப் போட வேண்டியதில்லன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு, அதே நேரம் ஸ்கூலுக்குப் பணம் கட்ட வேண்டிய பொறுப்பு மாநிலத்துக்கு இருக்கு, மத்தி தரலன்னு அதைத் தட்டிக்கழிக்க முடியாதுன்னும் சொல்லுச்சு. ரெண்டு பேரையும் ஒரே தீர்ப்புல பிடிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனாலும் அட்மிஷன் திறக்க அக்டோபர் ஆயிருச்சு, பாதி வருஷம் போச்சு, அதுக்குள்ள கடன் வாங்கி ஃபீஸ் கட்டின அப்பா அம்மாக்கள் எத்தனையோ.

அரசு ஸ்கூல்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நிறைய ஊர்ல இது கையெழுத்துப் போடற குழுவாத்தான் இருக்குங்கறது வேற. நீங்க உறுப்பினரோ இல்லையோ, கேக்க வேண்டியது இதுதான்: அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, மாற்றுப்பணியில வேற இடத்துக்குப் போயிருக்கறது எத்தனை. இந்த மூணாவதை யாருமே கேக்க மாட்டாங்க. பேப்பர்ல ரெண்டு டீச்சர் இருப்பாங்க, ஒருத்தர் வேற ஆபீஸ்ல டேட்டா எண்ட்ரி பண்ணிக்கிட்டு இருப்பார், மிச்சம் ஒருத்தர் அஞ்சு கிளாஸையும் கட்டி மேய்ப்பார். காலியிடம் சைபர்னு ரிப்போர்ட் சொல்லும், அது பொய்யும் இல்ல.

கரண்டு. வருஷா வருஷம் ஜூலை வந்தா கட்டணம் ஏத்திட்டாங்கன்னு கத்தறோம். அந்த முடிவு ஜூலையில எடுத்தது கிடையாதுங்க. 2022 ஆகஸ்ட்ல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னைன்னு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டுச்சு, செப்டம்பர்ல ஆணை வந்துச்சு, அந்த ஆணையிலயே விலைவாசிக் குறியீட்டுக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் ஏறும், 6 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு 2026-27 வரைக்கும் எழுதி வச்சாச்சு. ஆட்சேபம் சொல்ல வேண்டிய நேரம் அந்தக் கூட்டம்தான். யார் வேணா போய்ப் பேசலாம், தபால்லயும் எழுதிப் போடலாம், ஆனா தொழிற்சாலைக்காரங்களும் விசைத்தறிக்காரங்களும் தயாரா வர்ற மாதிரி வீட்டு இணைப்புக்காரங்க வர்றது இல்ல. இன்னொண்ணு, ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா 101-ல இருந்து 200 வரைக்குமான சலுகை விலையும் போயிரும், மேல இருக்கற யூனிட்டுக்கு மட்டும் கூடறதில்ல. மாசாமாசம் கணக்கெடுப்போம்னு 2021-ல திமுக வாக்குறுதியில இருந்துச்சு, நாலு வருஷம் தாண்டியும் வரல. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும்னாங்க. அப்ப கேள்வி ஸ்மார்ட் மீட்டர் டெண்டரைப் பத்தி இருக்கணும்.

சரி, கேக்கற முறை. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1), வெள்ளைத்தாள்ல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல, சொல்லவும் சொல்லாதீங்க. "ஏன்"னு ஆரம்பிக்காதீங்க, ஏன்னுக்குப் பதில் சொல்ல அவங்களுக்குக் கட்டாயம் இல்ல, இருக்கற ஆவணத்தைக் கொடுக்கத்தான் கட்டாயம். அதனால "நகல் வழங்கவும்"னு முடியற மாதிரி எழுதுங்க. ஒரு மனுவுல நாலஞ்சு கேள்விக்கு மேல வேண்டாம். ஆபீஸ் மாறிப் போட்டுட்டாலும் பயமில்ல, 6(3)படி அவங்களே சரியான ஆபீஸுக்கு 5 நாள்ல அனுப்பணும். முன்னல்லாம் பதிவுத் தபால்னு சொல்வேன், 2025 செப்டம்பர்ல இருந்து அது ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துருச்சு, ரசீதைப் பத்திரமா வைங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அதே துறையில மேல்முறையீடு, அங்கயும் இல்லன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். 30 நாளைத் தாண்டிக் கொடுத்தா நகலுக்குப் பணம் கேக்கக்கூடாது, பக்கத்துக்கு 2 ரூபான்னு டிமாண்ட் வந்தா 7(6)னு எழுதித் திருப்பி அனுப்புங்க.

"இத்தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை"ன்னு ஒரு பதில் வரும் பாருங்க, எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுருவாங்க. போடாதீங்க. உங்க சுகாதார நிலையத்துல எத்தனை பேருக்கு சுகர் கட்டுப்பாட்டுல இருக்குன்னு கணக்கே வைக்கலன்னு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பர் அது. கிராம சபைக்குக் கொண்டு போய் தீர்மானமாப் போடச் சொல்லுங்க, இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. எம்எல்ஏ கையில ஒரு நகல் கொடுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும். சட்டசபையில துறைவாரியா பணம் ஒதுக்கற மானியக் கோரிக்கை நேரத்துல ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், தமிழ்லயே ஆன்லைன்ல கிடைக்கும். போன வருஷம் சொன்னதையும் இந்த வருஷம் சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, காணாமப் போன வரிகளுக்கெல்லாம் ஒரு ஆர்டிஐ போடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2023-ல கொண்டுவந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐ சட்டத்துல தனிநபர் தகவலை மறுக்கறதுக்கான 8(1)(j) பிரிவை மாத்துது, பொதுநலன் இருந்தா கொடுக்கலாம்னு அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்த வழி அதுல போயிருச்சு, இனிமே "தனிநபர் தகவல்"னு ஒரே வார்த்தையில மறுக்கறது சுலபம். அதனால பேர் கேக்காதீங்க. எந்த டாக்டர் லீவுன்னு கேக்கறதுக்குப் பதிலா எத்தனை டாக்டர் பணியிடம், எந்தெந்த நாள் வெளிநோயாளிப் பிரிவுல ஒரு டாக்டரும் இல்லன்னு கேளுங்க. அப்படியும் மறுத்தா மேல்முறையீட்டுல பிரிவு 8(2)-ஐக் காட்டுங்க, பொதுநலன் பெருசா இருந்தா கொடுக்கலாம்ங்கற வரி அங்க இன்னும் இருக்கு.