பேய்க் கதை படிக்கிறேன்... எனக்கு ஏதாவது கோளாறா?

வணக்கம் மேடம்,

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். வயது 16. வீட்டில் எனக்கு எதிராக ஒரு பெரிய கூட்டணியே இருக்கிறது. காரணம், நான் படிக்கும் கதைகள்.

எட்டாம் வகுப்பு லீவில் பெரியம்மா மகள் ‘ட்வைலைட்’ முதல் புத்தகத்தைக் கொடுத்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெல்லா என்ற பெண் ஃபோர்க்ஸ் என்கிற மழை ஊருக்கு அப்பாவோடு இருக்க வருகிறாள். கூடப் படிக்கும் எட்வர்ட் ரத்தம் குடிக்கும் ஒரு வாம்பயர் என்று கண்டுபிடிக்கிறாள். தெரிந்த பிறகும் அவனையேதான் காதலிக்கிறாள். நாலு புத்தகத்தையும் அந்த லீவிலேயே முடித்துவிட்டேன். அப்புறம் ஓநாய் மனிதர்கள், ஆவியோடு பேசும் பெண்கள், சூனியக்காரிகள் படிக்கும் ஹாஸ்டல் என்று எது கிடைத்தாலும் விடுவதில்லை. வாங்கக் காசு இல்லாதபோது வாட்பேட் என்கிற கதை ஆப்பில் படிப்பேன். சாதாரண மனிதர்கள் மட்டும் வரும் கதை எனக்கு இரண்டு பக்கம்கூட ஓடாது.

‘வயசுப் பொண்ணு ராத்திரியில ரத்தம் குடிக்கிற கதை படிச்சா காத்து கருப்பு அண்டிடும்’ என்று பாட்டி என்னைக் கூட்டிப் போய் மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். ‘இப்படியே போனா நீ சைக்கோ ஆயிடுவே’ என்பது அம்மா. அப்பா எதுவும் பேசவில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கு மார்க் குறைந்தது தெரிந்ததும் என் புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். எடைக்கு, மேடம்! இப்போது அப்பாவிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறேன். படிப்பதெல்லாம் போனில்தான், போர்வைக்குள். தூங்க இரண்டு மணி ஆகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்திலும் எனக்கு ‘மோகினி’ என்று பட்டப்பெயர். டியூஷனில் ஒரு பையன் மட்டும்தான் கேலி செய்யாமல் கதையைக் கேட்பான். பார்க்க எட்வர்ட் மாதிரியெல்லாம் இல்லை, குணத்தில் அப்படியே. நான் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறேனா என்று லைவ் லொகேஷன் போடச் சொல்வான். வேறு பையன்களிடம் நோட்ஸ் வாங்கினால்கூட அவனுக்குத் தாங்காது, இரண்டு நாள் பேச மாட்டான். யாரும் எனக்குத் தப்பாக மெசேஜ் அனுப்பிவிடக் கூடாது என்று என் இன்ஸ்டா பாஸ்வேர்டைக்கூட வாங்கி வைத்திருக்கிறான். அவ்வளவு அக்கறை. இது முக்கியமில்லை, சும்மா சொன்னேன்.

இந்த மாதிரிக் கதைகள் படித்தால் நிஜமாகவே மனநிலை பாதிக்குமா? எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நானே ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிறுமலையில் முந்நூறு வருஷமாக வாழும் ஒருவன், கீழே ஊரில் படிக்கும் ஒரு பெண். பதினொரு அத்தியாயம் ஆகிவிட்டது. அதையும் நிறுத்திவிட வேண்டுமா?

இப்படிக்கு,
இரவுப்பறவை, திண்டுக்கல்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள இரவுப்பறவை,

பேய்க் கதை படிப்பதால் மனநோய் வராது. நீ படிப்பது கதை என்று உனக்குத் தெரிகிறது, அதை வைத்து வீட்டாரைக் கிண்டல் செய்யவும் தெரிகிறது. புத்தகத்தை மூடிய பிறகும் யாரோ பேசும் குரல் கேட்கிறது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று நிச்சயமாக நம்புகிறார், சாப்பாடு தூக்கம் எதிலும் மனம் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன். அப்படி வருகிறவர்களில் பலர் ஒரு பேய்க் கதைகூடப் படித்திருக்க மாட்டார்கள். உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் உடம்பு யாரிடமும் கேட்காமல் மாறுகிறது. முகம், குரல், கோபம் எல்லாம் புதிதாக இருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை. ஒருவன் திடீரென்று ஓநாயாக மாறிப்போய் அதை எல்லாரிடமும் மறைக்கிறான் என்று படித்தால் உன் வயதுக்காரர்களுக்கு அது தூரத்துக் கதையாகவே தோன்றாது. எட்வர்டைப் பார். 1918-இல் சிகாகோவில் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தவன், வாம்பயராக மாற்றப்பட்டு 17 வயதிலேயே நின்றுவிட்டான். இனி அவனுக்கு வயது ஏறாது, உடம்பு தளராது, கட் ஆஃப் மார்க் பற்றிய கவலை ஜென்மத்துக்கும் கிடையாது. ப்ளஸ் ஒன் படிக்கும் யாருக்குத்தான் அது பிடிக்காது? கூடவே, தன்னை ரொம்பச் சாதாரணமானவள் என்று நினைக்கும் ஒரு பெண்ணை நூறு வருஷமாக யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத ஒருவன் பார்க்கிறான். ‘மோகினி’ என்று கேலி செய்யப்படும் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

பயமும் ஒரு சுகம்தான், நிறுத்தும் உரிமை நம்மிடம் இருக்கும் வரை. புத்தகத்தில் அந்த உரிமை உண்டு, பொதுத்தேர்வில் இல்லை.

பாட்டியைப் பொறுத்தவரை, கறுப்புக் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் அடுத்த தடவை சிவன் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது அறுபத்துமூவர் வரிசையில் காரைக்கால் அம்மையாரைக் காட்டச் சொல். அழகான உடம்பே வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கியவர், தன் பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர். ‘கலிங்கத்துப்பரணி’யில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்து வரிசையாக உட்கார்ந்து குடிக்கும். இந்த ஊரில் பேய் இல்லாத இலக்கியம் தேடுவதுதான் கஷ்டம். அம்மாவிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பார். 90-களின் கடைசியில் ‘மர்மதேசம்’ டிவி தொடர் ஓடியபோது ‘விடாது கருப்பு’ பார்த்தீர்களா என்று. உன் அம்மாவுக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை, ஆனாலும் பதில் ஆமாம் என்றுதான் வரும் என்று பந்தயம் கட்டத் தயார்.

தூக்கம் விஷயத்தில் மட்டும் நான் உன் வீட்டுக் கூட்டணியில் சேர்ந்துகொள்கிறேன். 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரண்டு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்பாய், அதில் பொய் இல்லை. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுப் பின்தங்கித்தான் ஓடும். அதன் மேல் போன் வெளிச்சமும், ஒவ்வொரு அத்தியாயத்தையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடத்தில் முடிக்கும் கதைகளும் சேர்ந்தால் எப்படித் தூங்குவாய்? கணக்கில் மார்க் குறைந்ததற்கு வாம்பயரைவிட இதுதான் காரணமாக இருக்கும். பத்து மணிக்குமேல் போன் ஹாலில் இருக்கட்டும்.

உன் அப்பா இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சார், புத்தகம் அலமாரியில் இருந்தவரை அவள் என்ன படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்தது. எடைக்குப் போட்ட பிறகு அதே படிப்பு போர்வைக்குள் போய்விட்டது. அச்சுப் புத்தகத்துக்கு ஒரு பதிப்பாசிரியர் இருப்பார், இன்ன வயதுக்கு என்று ஒரு கணக்கும் இருக்கும். வாட்பேடில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்ல எழுத்தும் உண்டு. ஆனால் ‘ஆல்ஃபா’ என்கிற ஓநாய்க் கூட்டத் தலைவன் ஒருவன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், நீ என் ‘மேட்’, அதாவது ஜோடி, இது விதி, உன்னால் மறுக்க முடியாது என்று சொல்லும் கதைகளும் அங்கே ஏராளம். திரும்பப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒன்று போதும்.

சரி, இரவுப்பறவை. ‘இது முக்கியமில்லை, சும்மா சொன்னேன்’ என்று எழுதினாயே, உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான்.

இரண்டாவது புத்தகத்தில் எட்வர்ட் விட்டுப்போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சான பக்கங்கள் வருமே, எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அடுத்து வருவதுதான் உறுத்தும். ஆபத்தில் இருக்கும்போது அவன் குரல் மனதுக்குள் கேட்கிறது என்பதற்காகவே பெல்லா பைக்கை முரட்டுத்தனமாக ஓட்டுகிறாள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். அவன் இல்லாத ‘நான்’ என்று ஒன்று அவளுக்கு மிச்சமில்லை. முதல் புத்தகத்தில் அவளுக்கே தெரியாமல் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாவதில், அவள் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டியின் எஞ்சினில் ஒரு பாகத்தையே கழற்றிவிடுவான். படிக்கும்போது நமக்குக் கோபம் வருவதில்லை. ஏனென்றால் இவன் நல்லவன், இவளை நிஜமாகவே காப்பாற்றத்தான் நினைக்கிறான் என்று எழுதியவர் நமக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டார். 2020-இல் வந்த ‘மிட்நைட் சன்’னில் எட்வர்டின் மனதுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்தார். டியூஷன் பையனுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அவன் செய்வதைத்தான் பார்க்க முடியும். நீ எங்கே இருக்கிறாய், யாரிடம் பேசுகிறாய், யார் உனக்கு எழுதுகிறார்கள் என்ற மூன்றும் இப்போது அவன் கையில். நீ நோட்ஸ் வாங்கினால் இரண்டு நாள் தண்டனை. உன் அப்பா இதில் ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு எப்படி எழுதியிருப்பாய்?

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் உன் வயதுதான் இருக்கும். பின்னாலேயே சுற்றினால் காதல், சந்தேகப்பட்டால் பாசம் என்று நம் சினிமாவே பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒருவேளை சொன்னால் புரிந்துகொள்வான். அது தெரிய ஒரே வழி, நீ ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்ப்பதுதான். இன்றே பாஸ்வேர்டை மாற்று, லொகேஷனை நிறுத்து. ‘வீட்டுக்கு வந்ததும் நானே மெசேஜ் போடுறேன், பாஸ்வேர்டு யாருக்கும் தர மாட்டேன்’ என்று சாதாரணமாகச் சொல், விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்காதே. கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுச் சரி என்றான் என்றால் நல்லது. எட்வர்டே அப்புறம் இறங்கி வந்து ஜேக்கப்பைப் பார்க்க விட்டானே. மாறாக, கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், கையைக் கிழித்துக்கொள்வேன் என்கிறான், உன் வீட்டில் சொல்லிவிடுவேன் என்கிறான் என்றால் அதை நீ தனியாகச் சமாளிக்கக் கூடாது. அம்மாவிடம் போ. ‘அப்பவே சொன்னேன், எல்லாம் அந்தப் புத்தகத்தால’ என்றுதான் அம்மா முதலில் சொல்வார், அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்துக்கொள். அம்மாவிடம் முடியாது என்றால் பெரியம்மா மகளிடமாவது சொல். நீ எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால், போட்டோ கேட்டான், அனுப்பிவிட்டேன் என்பது போல, 1098-க்குக் கூப்பிடு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான இலவச எண் அது, இரவிலும் எடுப்பார்கள். மனசு தாங்காதபோது பேச 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கதை எழுதுவதை நிறுத்தாதே. பதினொரு அத்தியாயம் எழுதிவிட்டுப் பாதியில் விட்டால் எனக்கே கோபம் வரும். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் உன் கதாநாயகி அவனிடம் ஏதோ ஒன்றுக்கு, சின்ன விஷயமாகவே இருக்கட்டும், முடியாது என்று சொல்லட்டும். முந்நூறு வருஷமாக யாரும் மறுத்துப் பேசாத ஒருவன் அதைக் கேட்டதும் என்ன செய்வான்? இதை யாரையும் காப்பி அடிக்காமல் நீயே யோசித்து எழுது. முடித்ததும் எனக்கு அனுப்பு, அடுத்த இதழுக்குள் கிடைத்தால் ரொம்ப நல்லது.