இலங்கை ரோம் சாசனத்தில் சேர்ந்தால் போதுமா?

'இலங்கை ரோம் சாசனத்தில் சேர்ந்துவிட்டால், போர்க்குற்றம் செய்தவர்களை ஹேக் நீதிமன்றத்துக்கு அனுப்பித்தானே ஆகவேண்டும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். ரோம் சாசனம் என்பது ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம். யாழ்ப்பாணத்தில் பலர் நம்பியிருப்பதும் இதைத்தான். ஆனால் சேர்வது மட்டும் போதாது.

வழமையாக ஒரு நாடு சேர்ந்த பின் நடக்கும் குற்றங்களைத்தான் அந்த நீதிமன்றம் எடுக்கும். நாளைக்கே சேர்ந்தாலும் முள்ளிவாய்க்கால் அதற்குள் வராது. சாசனத்தின் 12(3) பிரிவின் கீழ், முந்திய காலத்துக்கும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறோம் என்று அரசு தனியே எழுதிக்கொடுக்கவேண்டும். உக்ரைன் உறுப்புநாடாகும் முன்பே 2014இலும் 2015இலும் அப்படிக் கொடுத்தது. கொடுத்தாலும் 2002 ஜூலை 1க்கு முன்னால் போக முடியாது. 1996இல் இங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அந்த வாசல் திறக்காது. மேடையில் 'ஹேக்' என்று முழங்குபவர்கள் இதை அந்தத் தாய்மாருக்குச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

சரி, பிடியாணையே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் பிடிப்பது? நீதிமன்றத்துக்கென்று பொலிஸ் இல்லை. அது பிடியாணை பிறப்பித்திருந்த சூடான் ஜனாதிபதி பஷீர் 2015 ஜூனில் உறுப்புநாடான தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அவரை வெளியேற விடக்கூடாது என்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் சொல்லியும் விமானம் ஏறிப் போய்விட்டார். தென்னாப்பிரிக்கா கடமை தவறியது என்று 2017இல் ஹேக்கில் தீர்ப்பு வந்தது, அவ்வளவுதான். மாறாக, யூகோஸ்லாவியாவுக்கென அமைத்த தனித் தீர்ப்பாயத்திடம் 2001இல் முன்னாள் ஜனாதிபதி மிலோசெவிச்சையும் 2011இல் பொஸ்னிய செர்பியத் தளபதி மிளாடிச்சையும் பெல்கிரேட்டிலிருந்த செர்பிய அரசு ஒப்படைத்தது. முதலாவதில் வெளிநாட்டு உதவிப் பணம், இரண்டாவதில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை. ஒப்படைக்காவிட்டால் என்ன இழப்போம் என்ற கணக்குத்தான் அரசுகளை அசைக்கிறது.

ஒத்துழைப்பு என்றால் ஆளை ஒப்படைப்பது மட்டுமல்ல, ஆவணமும்தான். யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் எலும்புகளோடு வந்த பொருட்களை 2025 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவின்படி மக்களுக்குக் காட்டினார்கள். பால்போத்தல், பொம்மை, பள்ளிக்கூடப் பை. எலும்பை நாம் தோண்டி எடுக்கலாம். அந்தக் காலத்தில் அந்தப் பகுதி இராணுவ முகாமுக்கு யார் பொறுப்பு என்ற பதிவேடு அரசின் கையில்.

ஆனாலும் 2022 ஜனவரியில் ஜேர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம், சிரிய அரசின் உதவி எதுவுமில்லாமலே, அதன் முன்னாள் கேர்ணல் ஒருவருக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. அகதிகளாய்ப் போன சிரியர்களின் சாட்சியம் அதில் முக்கியமாக இருந்தது. வெளிநாட்டு நீதிமன்றங்கள் தாங்களே விசாரிக்கும் அந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். உங்கள் வீட்டில் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டோ ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) கடிதமோ இருந்தால் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வெளிநாட்டிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.