சின்ன எஞ்சினுக்கு டர்போ: கேட்டவையும் சொன்னவையும்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததிலிருந்து மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சின்ன டர்போ கார்கள் கண்ணில் படுவது கூடிவிட்டது. நம் நாட்டில் வரி சிசியைப் பார்த்துப் போடப்படுகிறது. 1000 சிசிக்குள் எஞ்சினை அடக்கி, எஞ்சின் புகையின் விசையால் சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கும் டர்போவால் பலத்தைக் கூட்டிய கார் அதனால்தான் கைக்கு எட்டுகிறது. இந்த எஞ்சின்களோடு பல வருடமாகக் கராஜில் கிடப்பவன் என்ற முறையில் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா ரெய்ஸ் 1.0 டர்போ எடுத்திருக்கிறேன். 92 அடிப்பதா, 95 அடிப்பதா? டர்போவுக்கு 92 அடித்தால் எஞ்சின் போய்விடும் என்று பெற்றோல் செட்டில் ஒருவர் பயப்படுத்திவிட்டார்.

பதில்: பயப்பட வேண்டாம் தம்பி. உங்கள் எஞ்சின் 1கேஆர்-விஇடி. மூன்று சிலிண்டர், 996 சிசி, 98 குதிரைவலு. 140 நியூட்டன் மீற்றர் இழுவை 2400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெரிபடுகிறது என்பது, 9.5தான், பெற்றோலும் சிலிண்டருக்குள் நேரே பீய்ச்சாமல் வால்வுக்கு முன்னால் பீய்ச்சுகிறது. ஜப்பானில் இது சாதாரண பெற்றோலில் ஓடுவதற்கென்று செய்தது. அங்கே சாதாரண பெற்றோலுக்கான குறைந்தபட்ச அளவு 89 ஒக்டேன். ஆகவே 92 தாராளமாகப் போதும். ஆனால் இதை எல்லா டர்போவுக்கும் பொதுவாக எடுக்கக்கூடாது. ஐரோப்பியக் கார்கள் பெரும்பாலும் 95 கேட்பவை. பெற்றோல் மூடியின் உட்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, செட்டில் சொல்வது அல்ல.

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா: தம்பி, வகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ ஓடுகிறேன். ஒயில் மாற்றி மூவாயிரம் கிலோமீற்றர் போவதற்குள் டிப்ஸ்டிக்கில் பாதி குறைந்துவிடுகிறது. நீலப் புகையும் வருகிறது. கராஜில் டர்போ மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?

பதில்: உடனே மாற்ற வேண்டாம் நானா. முதலில் புகை எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு தடவை புகைத்துவிட்டு நின்றால் பெரும்பாலும் வால்வு சீல். சந்தியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அக்சிலேற்றரை மிதிக்கும்போது குபீரென்று வந்தால் டர்போ சீலில் சந்தேகப்படலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

டர்போதான் என்று தோன்றினாலும், காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆட்டம் இருப்பது இயல்பு. அது ஒயில் படலத்தில் மிதக்கும் தண்டு. முன்னும் பின்னும் தட்டுப்படும்படி ஆடினாலோ, சிறகு சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அது முடிந்த டர்போ. இரண்டும் இல்லையென்றால், டர்போவிலிருந்து ஒயில் கீழே இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா, எஞ்சின் மூச்சுவிடும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் இறங்க வழியில்லாவிட்டால் நல்ல சீலும் ஒழுகும். சில நூறு ரூபாய் வேலைக்காக ஒரு முழு டர்போவை மாற்றியவர்களை எனக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் இன்னொன்று. போன வருடம் ஒரு வாகனம் வந்தது. வேறு ஓர் இடத்தில் டர்போ மாற்றி ஆறு வாரம், திரும்பவும் அதே ஊளைச் சத்தம். ஒயில் போகும் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பென்சில் முனை போகும் அளவு துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி போகும் அளவுதான் தெரிந்தது. சோற்றுப் பானையின் அடியில் தீய்ந்து பிடிக்குமே, அதுபோல உள்ளே கருகிய ஒயில் சுற்றிவரப் பிடித்திருந்தது. கம்பியால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புது டர்போ பட்டினியில் செத்திருக்கிறது. ஆகவே டர்போ மாற்றும்போது அந்தக் குழாயைப் புதிதாகப் போட வேண்டும், எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி ஒயில் வடியைக் கழுவ வேண்டும், ஒயிலும் பில்டரும் மாற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிடும் முன் டர்போவுக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்ற வேண்டும். இதைச் செய்ய மாட்டேன் என்கிறவரிடம் டர்போவைக் கொடுக்காதீர்கள்.

அதே நானா: அப்படியென்றால் எத்தனை கிலோமீற்றருக்கு ஒயில் மாற்றுவது? நான் பத்தாயிரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறேன்.

பதில்: அதுதான் விசயம் நானா. 658 சிசி எஞ்சின் 64 குதிரைவலு கொடுக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, ஒரு பக்கம் சிவக்கக் காய்ந்த புகை, நடுவில் இருப்பது வெறும் ஒயில் படலம். சுசுகி இந்த டர்போவுக்கு ஜப்பானில் சொன்னது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. தூசு, குறுகிய ஓட்டம் என்றால் அதிலும் பாதி. காத்தான்குடிக் கடைத்தெருவில் ஓடுகிற ஓட்டம் அந்தக் கடும் பாவனைதான். பத்தாயிரம் என்பது டர்போ இல்லாத வண்டிக்காரரிடம் கேட்டு வந்த கணக்கு. கடும் பாவனை இல்லாத டர்போவுக்குக்கூட நான் நாலாயிரத்தில் மாற்றிவிடுகிறேன்.

ஓட்டமாவடி: என்ன ஒயில் வாங்குவது? ரின்னில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருக்கிறது.

பதில்: தடிப்பு எது என்று கையேட்டைப் பாருங்கள், அதில் என் அபிப்பிராயம் தேவையில்லை. நான் வற்புறுத்துவது ரின்னில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற எழுத்து இருக்க வேண்டும் என்பதை. 2020 மே மாதம் வந்த தரம் அது. சிலிண்டருக்குள் நேரே பெற்றோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் ஒரு பொல்லாத வருத்தம் உண்டு. குறைந்த சுழற்சியில் அக்சிலேற்றரை ஆழ மிதிக்கும்போது, பிளக் பொறி போடுமுன்னே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டன் உடைந்தும் போகலாம். ஒயிலில் சேர்க்கும் கல்சியம் இதைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்த்துச் செய்கிறார்கள். அதற்கென்று முதலில் வந்தது 2018இன் எஸ்என் பிளஸ், அடுத்தது எஸ்பி. மனுவல் கியர் வைத்திருப்பவர்கள் நாலாம் ஐந்தாம் கியரில் நாற்பதில் உருண்டுகொண்டு திடீரென மிதிக்கக் கூடாது. ஒரு கியர் இறக்குங்கள்.

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை: பதுளை போய் வருகிறோம். மலை ஏறி நின்றதும் உடனே எஞ்சினை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். பள்ளிக்கூடம் போய் வரும்போதும் அப்படிக் காத்திருக்க வேண்டுமா?

பதில்: பள்ளிக்கூட ஓட்டத்துக்குத் தேவையில்லை டீச்சர், மெதுவாக வந்து நிற்கும்போதே டர்போ ஆறியிருக்கும். செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாகப் பதுளை ஏறி, ஏற்றத்திலேயே தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். உடனே நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்று, சூட்டில் அங்கேயே கருகும். மேலே சொன்ன பொருக்கு அப்படித்தான் உருவாகிறது. இதே கவனம் காலையிலும் வேண்டும்: ஸ்டார்ட் பண்ணியதும் அரை நிமிடம் விட்டு மெல்ல எடுங்கள், முதல் இரண்டு மூன்று கிலோமீற்றர் அழுத்தி மிதிக்காதீர்கள்.

ஏறாவூர்: காரில் பலமே இல்லை. எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேன் பண்ணியதில் பி0299 என்று வந்தது. டர்போ போய்விட்டதா?

பதில்: பி0299 என்றால் எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. முதலில் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றுக் கொடுத்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். வெடிப்பு பெரும்பாலும் கிளிப் இறுக்கும் விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையை விட்டுத் தடவ வேண்டும். அடுத்தது, மிஞ்சிய புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பும் கதவான வேஸ்ட்கேட்டைத் தள்ளும் சின்னத் தண்டு. கடற்கரை ஓரம் வண்டி நிற்கும் நம் ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு அது துருப்பிடித்து இறுகும். பாதி திறந்தபடி இறுகினால் காற்றழுத்தம் ஏறாது. இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் டர்போவைத் தொடுங்கள்.

சம்மாந்துறை: அறுவடைக் காலத்தில் வயல் ரோட்டில்தான் ஓட்டம். எயார் பில்டர் சீக்கிரம் அடைக்கிறது. மகன் அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு பில்டர் போடச் சொல்கிறான், சத்தமும் நன்றாக இருக்குமாம்.

பதில்: வேண்டாம் ஐயா. நெல் சூடடிக்கும்போது கிளம்பும் தூசு மாவு போன்றது. வேகமாகச் சுழலும் சிறகில் அது நாளும் பொழுதும் பட்டால் விளிம்பு அரம்போல ஆகிவிடும். கம்பனி பெட்டி பில்டரையே வையுங்கள், சொன்ன தூரத்தில் பாதிக்கு மாற்றுங்கள். பில்டர் விலையையும் டர்போ விலையையும் மகனுக்கு ஒரு தடவை காட்டுங்கள்.

கல்முனை: என்னிடம் டர்போ இல்லாத வகன் ஆர் இருக்கிறது. எஞ்சின் அதே ஆர்06ஏதானே. டர்போ ஒன்று வாங்கிப் பூட்டலாமா?

பதில்: பெயர் ஒன்று, உள்ளே வேறு தம்பி. டர்போ இல்லாததில் அழுத்த விகிதம் 11 அளவில் இருக்கும், டர்போ எஞ்சினில் 9.1. அதிக அழுத்தத்தின்மேல் இன்னும் காற்றைத் திணித்தால், கலவை கண்டபடி வெடிக்கும் நொக்கிங் வந்து பிஸ்டன் உடையும். பிஸ்டன், இன்ஜெக்டர், ஒயிலும் தண்ணீரும் போகும் குழாய்கள், கம்பியூட்டர், கியர்பொக்ஸ் எல்லாம் மாற வேண்டும். அந்தக் காசுக்கு உங்கள் வண்டியை விற்றுவிட்டு டர்போவோடு வந்ததையே வாங்கலாம். முழு எஞ்சின் மாற்றினாலும் புது எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றாமல் விடக்கூடாது.

இதோடு சேர்த்து எல்லோருக்கும்: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய டர்போ தேடப் போகிறவர்கள் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் டர்போவின் உடம்பில் இருக்கும் தகட்டு இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், சேசிஸ் இலக்கத்தையும் கொண்டு போங்கள். வகன் ஆரின் சேசிஸ் குறியீடுகளான எம்எச்34எஸ்ஸும் எம்எச்44எஸ்ஸும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும்.

அக்கரைப்பற்று: ஹொண்டா சிவிக் 1.0 டர்போ. இதில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள் ஓடுகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மை. 988 சிசி, 129 குதிரைவலு எஞ்சின் அது. 1.5 டர்போவில் செயின், இதில் ஒயிலில் நனைந்த பெல்ட். பெல்ட் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் தப்பான ஒயில் ஊற்றினாலோ ஒயிலைப் பழசாக விட்டாலோ ரப்பர் ஊதி உதிரும். உதிர்ந்த தூள் ஒயில் வடியை அடைக்கும், ஒயில் அழுத்தம் விழும், முதல் அடி டர்போவுக்குத்தான் விழும். சிவப்பு ஒயில் லைட் ஒரு கணம் மினுங்கினாலும் அப்படியே ஓரமாக நிறுத்துங்கள். அப்புறம் டிப்ஸ்டிக்கில் ஒயில் குறைவதை மட்டும் பார்க்காமல், கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடி, பெற்றோல் மணமும் அடித்தால் எரிபொருள் ஒயிலில் கலக்கிறது என்று அர்த்தம். குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களில் இது வரும். கிழமைக்கு ஒரு தடவையாவது பொத்துவில் வரை போய் வாருங்கள், எஞ்சின் முழுதாகச் சூடாகட்டும்.

களுவாஞ்சிகுடி: மார்கழி வெள்ளத்தில் போகலாமா?

பதில்: சில்லின் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் போகாதீர்கள். உள்ளே இழுக்கும் காற்றோடு தண்ணீர் போய் எஞ்சின் நின்றால், திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளி வெளியே எடுத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை சாவி திருப்பியதில் கனெக்டிங் ரொட் வளைந்த எஞ்சின்களை ஒவ்வொரு மாரியிலும் கழற்றுகிறேன்.

செங்கலடியிலிருந்து ஒரு தங்கச்சி: எண்பதாயிரம் ஓடிய டர்போ ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து டோர்ச் அடியுங்கள் தங்கச்சி. உள்ளே தெரியும் உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, தார்போலக் கறுத்துத் தடித்திருந்தால் விட்டுவிடுங்கள். சேர்விஸ் பில்களைக் கேளுங்கள், திகதியையும் கிலோமீற்றரையும் கழித்துப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஐம்பதிலிருந்து எண்பதுக்கு மிதியுங்கள். மெல்லிய விசில் பரவாயில்லை, அம்புலன்ஸ் சைரன்போல ஏறி இறங்கினால் வேண்டாம். ஸ்டார்ட் பண்ணுவது கட்டாயம் குளிர்ந்த எஞ்சினாக இருக்க வேண்டும். நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால், நாளை விடிய வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.