உப்பு மட்டும் போதாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிஎன்ஏ பற்றிய கட்டுரையில், பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமையால் இரு இழைகளும் ஒன்றையொன்று தள்ளும், கரைசலில் உள்ள உப்புதான் அதை அடக்கி வைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பிளஸ் டூ மாணவி ஒருத்தி, "உப்பே போதும் என்றால் செல் எதற்கு மெனக்கெட்டு ஸ்பெர்மின் என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது?" என்று கேட்டாள். ஸ்பெர்மினுக்கு நேர்மின்சுமை அதிகம், அதனால் ஈர்ப்பும் அதிகம் என்றேன். சரிதானா?

க., உயிரியல் ஆசிரியை

அன்புள்ள க.,

சொன்னது தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் முக்கியமானது விட்டுப்போகும்.

டிஎன்ஏ-யின் ஒரு சுற்றில் ஏறக்குறைய 10.5 கார இணைகள், இணைக்கு இரண்டு பாஸ்பேட். ஆக, 3.6 நானோமீட்டர் நீளத்துக்குள் 21 எதிர்மின்சுமைகள். அதனால் கரைசல் எவ்வளவு நீர்த்திருந்தாலும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் இழையை மொய்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பெர்மின் ஒல்லியான ஒரு சங்கிலி. அதிலுள்ள நான்கு நைட்ரஜன்களும் செல்லின் பிஎச்-இல் புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையோடு இருக்கும். அது வந்து உட்காரும்போது நான்கு அயனிகள்வரை இடத்தைக் காலி செய்துவிட்டுக் கரைசலுக்குள் போகின்றன. கட்டுப்பட்டது ஒன்று, விடுபட்டவை நான்கு. என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, கூடுகிறது; பிணைப்பு நடப்பது பெருமளவு இதனால்தான். அளந்து பார்த்தால், இணையும்போது வெளிவரும் வெப்பம் அற்பம். சில நிலைகளில் வெப்பத்தை உறிஞ்சவும் செய்கிறது. உப்பைக் கூட்டினால் ஸ்பெர்மின் கழன்றுவிடும். ஏற்கெனவே சோடியம் நிறைந்த கரைசலுக்குள் இன்னும் நான்கு போவதில் பெரிய லாபமில்லையே.

உட்கார்ந்தது என்றேன், ஆனால் ஓரிடத்தில் பூட்டப்படுவதில்லை. இழையோடு இழையாக வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்பதை என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) ஆய்வுகள் காட்டின.

1976-இல் கோசூல், ஷெல்மன் என்ற ஆய்வாளர்கள் வைரஸ் டிஎன்ஏ-யின் நீர்த்த கரைசலில் ஸ்பெர்மினின் உறவான ஸ்பெர்மிடின் சேர்த்து அதைச் சுருள வைத்தார்கள். இதற்கு மூன்று மின்சுமைதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இத்தகைய சுருள்கள் மெதுவடை போல நடுவில் ஓட்டையோடு தெரியும், வெளிவிட்டம் சுமார் 100 நானோமீட்டர். டிஎன்ஏ-யின் மின்சுமையில் ஏறக்குறைய 90 சதவீதம் ஈடாகும்போதுதான் இது நடக்கும். வெறும் தண்ணீரில் இரண்டு மின்சுமை கொண்ட மெக்னீசியத்தால் அது ஆவதில்லை.

நம் செல்களில் டிஎன்ஏ-யைச் சுருட்டும் பெரும் வேலை ஹிஸ்டோன் புரதங்களுடையது, ஸ்பெர்மினில் பெரும்பகுதி ஆர்என்ஏ-வோடுதான் இருக்கிறது. இதையும் மாணவியிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஜப்பானின் இசு தீபகற்பத்து வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா. நீங்கள் பாடத்தில் சொல்லும் டாக் பாலிமரேஸ் என்ற நொதி வந்த பாக்டீரியாவின் உறவுதான். 80 டிகிரியிலும் வளரும். சாதாரண ஸ்பெர்மின் அதற்குப் போதவில்லை, ஐந்து நைட்ரஜன் கொண்ட நீள மூலக்கூறுகளையும் கிளை பிரிந்தவற்றையும் தானே செய்துகொள்கிறது. நீளமானவை இரட்டை இழையைப் பிரியாமல் காக்கின்றன. கிளை பிரிந்தவை ஓரிழை தன்மீதே மடிந்து உண்டாகும் கொண்டைகளைக் காக்கின்றன. எந்த வடிவத்துக்கு எது பொருந்தும் என்பது மின்சுமையின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல, மின்சுமைகள் எவ்வளவு இடைவெளியில், எந்த அமைப்பில் நிற்கின்றன என்பதையும் பொறுத்தது.

அப்புறம், வகுப்பில் வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ பிரிப்பீர்களே, அங்கே சோடியமே போதுமானதாக இருப்பது எப்படி என்று அவள் அடுத்து கேட்கக்கூடும். அது எத்தனாலின் உபயம். தண்ணீர் மின்விசையை வெகுவாக மட்டுப்படுத்தும், எத்தனால் அவ்வளவு மட்டுப்படுத்தாது. எனவே ஒற்றை மின்சுமை சோடியமே பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது, டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரண்டு மேலே வருகிறது.