நிலவியது

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் தொடக்கத்தை மனப்பாடம் செய்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற வரியை என்னிடம் ஒப்பித்துவிட்டு, "இதை எழுதியவர் அறுநூறு அடிமைகளை வைத்திருந்தாராமே அப்பா?" என்று கேட்டாள். "அந்தக் காலத்தில் இங்கே அடிமை முறை நிலவியது. அவரும் தன் காலத்தின் பிள்ளைதானே" என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதர்களை அளப்பது நியாயமா? ஜெஃபர்சன் போன்றவர்களிடம் இருந்த இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? ஐந்து சென்ட் நாணயத்திலிருந்து அவர் முகத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார் என் நண்பர் ஒருவர். தங்கள் கருத்து என்ன? கூடவே ஒரு சிறு ஐயம்: 'லிபர்ட்டி' என்பதற்குச் சுதந்திரம், விடுதலை இரண்டில் எது பொருத்தம்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஒப்பிக்கச் சொன்ன பாடத்தைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கிற பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும்.

நாணயத்தில் யார் முகம் இருந்தால் என்ன, கடைக்காரர் வாங்கிக்கொண்டால் சரி. சுதந்திரமா விடுதலையா என்பதை அகராதி தொகுப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கடிதத்தில் நான் தடுக்கி விழுந்தது வேறோர் இடத்தில்: 'நிலவியது'.

பனிமூட்டம் நிலவும். கடுங்குளிர் நிலவும். கலவரம் நடந்த மறுநாள் 'ஊரில் பதற்றம் நிலவுகிறது' என்று செய்தித்தாளில் போடுவார்கள். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று எழுத அஞ்சும் நிருபருக்குக் கைகொடுக்கும் சொல் அது. அடிமை முறை என்ன வானிலையா? அதை ஒவ்வொரு நாளும் யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். ஜெஃபர்சன் தன் பண்ணைக் கணக்கேட்டில் பிறந்த குழந்தைகளின் பெயரையும் ஆண்டையும் தன் கையாலேயே ஏற்றினார். யாருக்கு எத்தனை கெஜம் துணி, யாருக்குக் கம்பளி என்று குறித்தார். 1769இல் தப்பி ஓடிய சாண்டி என்ற செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தரச் சொல்லிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பிற்பாடு ஓர் ஆணிப் பட்டறை வைத்தார். அதில் வேலை செய்தவர்கள் 10 முதல் 16 வயது வரையிலான பையன்கள். எந்தப் பையன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்பது வரைக்கும் கணக்கு உண்டு. இவ்வளவு பாடுபட்டுச் செய்த மனிதரிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கி, 'நிலவியது' என்று காற்றில் விட்டுவிட்டீர்களே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மட்டும் செய்த தவறு அல்ல இது. அந்த நாட்டை நிறுவியவர்களே உங்களுக்கு முன்னோடிகள். 1776இல் பிலடெல்பியாவின் வாடகை அறையில் ஜெஃபர்சன் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஏவல் செய்ய உடன் வந்திருந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைச் சிறுவன். ஜெஃபர்சனின் மாமனாருக்குப் பிறந்தவன், அதாவது மனைவிக்குத் தம்பி முறை. அந்த முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. அதில் குற்றவாளியாக நின்றவர் ஒரே ஒருவர், இங்கிலாந்து அரசர். மனித இயல்பின் மீதே அவர் கொடிய போர் தொடுத்தாராம். எழுவாய் கிடைத்துவிட்டது, ஆனால் கடலுக்கு அப்பால். அந்தப் பத்தியையும் காங்கிரஸ் அடித்துவிட்டது. 1787இன் அரசியல் சட்டத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. 'சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்' உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்படும் 'மற்ற நபர்கள்' உண்டு. மனிதர்களைச் சொத்தாகக் கொள்ளலாம் என்ற கருத்தைச் சட்டத்தில் ஒப்புக்கொள்வது தவறு என்று அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான மேடிசன், அதற்காகக் கூடிய சபையில் பேசினார். கருத்தை வெளியே நிறுத்திவிட்டு, சொத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வர்ஜீனியாவில் என் அக்காள் மகன் இருக்கிறான். அவனோடு ஒருமுறை மான்டிசெல்லோவுக்குப் போயிருந்தேன். சார்லட்ஸ்வில் அருகே குன்றின் மேல் ஜெஃபர்சன் தானே வரைந்து கட்டிய வீடு. எல்லோரும் மாடத்தையும் கடிகாரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பாட்டு அறையை விட்டு நகரவில்லை. அங்கே ஒரு சுழல் கதவு இருக்கிறது. ஒரு பக்கம் வெறும் கதவு, மறுபக்கம் அலமாரித் தட்டுகள். வெளியே நிற்பவர் தட்டுகளில் உணவை அடுக்கிக் கதவைத் திருப்பினால் உணவு மட்டும் அறைக்குள் வரும், கொண்டு வந்தவர் வரமாட்டார். கணப்படுப்பின் இரு பக்கங்களிலும் நிலவறையிலிருந்து ஒயின் புட்டி தானாக மேலேறி வர ஏற்பாடு. விருந்தினர்கள் மனித உரிமை பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டிருப்பார்கள். உணவு பரிமாறப்பட்டது, ஒயின் வழங்கப்பட்டது. செயப்பாட்டு வினையை ஒருவர் மரத்தில் செய்து வைத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்த சமையற்காரர் ஈடித் ஃபாசெட், பிரெஞ்சுச் சமையல் பழகியவர். அவர் கணவர் ஜோசப்பை ஜெஃபர்சன் தன் உயிலில் விடுவித்தார். ஈடித்தும் பிள்ளைகளும் 1827 ஜனவரியில் வீட்டுப் பொருள்களோடு ஏலத்தில் போனார்கள்.

முரண்பாடு என்கிறீர்கள். முரண்பாடு என்றால் ஒருவருக்குத் தன்னிடம் இருப்பது தெரியாமலும் இருக்கலாம். ஒரு தச்சரைக் கூப்பிட்டு அளவு சொல்லிச் செய்து வாங்கியதை என்னால் அப்படி அழைக்க முடியவில்லை.

இத்தனையும் சொல்ல உண்மையான காரணம் ஒரு கடிதம். உங்கள் கடிதம் வந்த வாரத்தில் அதைத்தான் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். 1791 ஆகஸ்ட் 19 அன்று பெஞ்சமின் பானெக்கர் அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சனுக்கு எழுதியது. பானெக்கர் மேரிலாந்தில் புகையிலை பயிரிட்ட கறுப்பினத்தவர், பிறப்பிலேயே சுதந்திரர். இளமையில் மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, இரவல் புத்தகங்களை வைத்துக்கொண்டு வானியல் கற்றுக் கிரகணங்களைக் கணித்தவர். தான் கணித்த அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தன் கைப்பட நகல் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பினார்.

பணிவாகத்தான் தொடங்குகிறார். பிறகு, ஆங்கிலேய அரசு உங்களை அடிமைப்படுத்தப் பார்த்த நாள்களை நினைத்துப் பாருங்கள் என்கிறார். சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்ற அந்த வரியை, எழுதியவருக்கே எடுத்து எழுதுகிறார். உங்கள் மகள் ஒப்பித்த அதே வரி. அதற்கடுத்துச் சொல்கிறார்: பிறர் உங்களுக்குச் செய்தபோது வெறுத்த அதே குற்றத்தை நீங்களே செய்கிறீர்கள், வஞ்சனையாலும் வன்முறையாலும் என் சகோதரர்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். 'நிலவுகிறது' அங்கே இல்லை. 'நீங்கள்' இருக்கிறது.

பதினோராம் நாள் ஜெஃபர்சன் பதில் எழுதினார். சின்னக் கடிதம், அவ்வளவு மரியாதை. நம் கறுப்புச் சகோதரர்களுக்கும் இயற்கை சம ஆற்றலைத் தந்திருக்கிறது என்பதற்கான சான்றுகளைக் காண என்னைவிட விரும்புகிறவர் இல்லை என்கிறார். அவர்களுடைய நிலையை உயர்த்த நல்லதோர் ஏற்பாடு தொடங்கப்படுவதைக் காணவும் மிக விரும்புகிறாராம். யாரால் தொடங்கப்படுவதை? பஞ்சாங்கத்தைப் பாரிஸிலுள்ள அறிவியல் கழகத்தின் செயலர் கான்டோர்செவுக்கு அனுப்பியிருப்பதாகவும், உங்கள் இனத்தார் மீது கொள்ளப்பட்டிருக்கும் ஐயங்களுக்கு அது மறுப்பாக இருக்கும் என்றும் எழுதுகிறார். கொள்ளப்பட்டிருக்கும் ஐயங்கள்! யார் கொண்டது? கறுப்பர்கள் உடலாலும் அறிவாலும் தாழ்ந்தவர்கள் என்று தோன்றுகிறது, ஐயமாகவே முன்வைக்கிறேன் என்று தன் வர்ஜீனியா நூலில் எழுதியவர் அவரே. தான் வளர்த்த ஐயத்தை அநாதையாக நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, யார் பெற்ற பிள்ளையோ என்று பரிதாபப்படுகிறார். வஞ்சனை, வன்முறை என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. கடைசியில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள பணிவான ஊழியன் என்று கையெழுத்து. பானெக்கரும் அப்படித்தான் கையெழுத்திட்டிருந்தார், அது அக்காலக் கடித வழக்கம். அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், முடியவில்லை.

பானெக்கர் இரண்டு கடிதங்களையும் சேர்த்து அடுத்த ஆண்டே சிறு நூலாக அச்சில் கொண்டுவந்தார். கெட்டிக்காரர். 1806இல் இறந்தார். அடக்கத்தன்று அவர் வீடு தீப்பற்றி எரிந்தது, மரக் கடிகாரமும் போயிற்று. 1809இல் ஜெஃபர்சன் தன் நண்பர் ஒருவருக்கு எழுதுகிறார்: பானெக்கரிடமிருந்து வந்த நீளமான கடிதம் என்னிடம் இருக்கிறது, மிகச் சாதாரணமான மூளை என்பதையே அது காட்டுகிறது.

அளவுகோல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்றைய அளவுகோல் எதற்கு? ஜெஃபர்சன் அந்தப் பதிலில் கையெழுத்திட்ட ஒரு வாரத்துக்குள், அதே வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார், ஏறத்தாழ ஐந்நூறு பேரைப் படிப்படியாக விடுவிக்கும் பத்திரத்தை நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் எந்தக் காலத்தின் பிள்ளை? பென்சில்வேனியாச் சட்டப்படி வெளியூர்க்காரர் கொண்டு வந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கோரலாம் என்பதால், கெடு முடியும் முன் ஆட்களை வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டு வந்தார் ஜனாதிபதி வாஷிங்டன். அவர்களையும் பொதுமக்களையும் ஏமாற்றக்கூடிய சாக்கு ஒன்றைச் சொல்லி அதைச் செய்ய வேண்டும் என்று தன் செயலருக்கு எழுதினார். அதுவும் 1791தான். தவறென்று தெரியாதவருக்குச் சாக்கு எதற்கு?

அப்போது தலைநகராக இருந்த பிலடெல்பியாவில், வாஷிங்டனின் வீட்டிலிருந்துதான் 1796இல் ஓனா ஜட்ஜ் என்ற அடிமை இளம்பெண், வாஷிங்டன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிளம்பிப் போனார். பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று விளம்பரம் வந்தது. பிடிபடவில்லை. நியூ ஹாம்ஷயரில் வறுமையில் வாழ்ந்தார். முதுமையில் ஒரு பத்திரிகைக்காரர் அவரிடம், அங்கிருந்ததைவிட இங்கே அதிகம் பாடுபட நேர்ந்ததே, வந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார் ஓனா. (விடுதலையாகிவிட்டேன் என்றும் மொழிபெயர்க்கலாம். உங்கள் அகராதிக் கேள்வி இங்கே வந்து நிற்கிறது. நிற்கட்டும்.) 'அந்தக் காலம் அப்படி' என்று நாம் சொல்லும்போது ஓனாவையும் பானெக்கரையும் அந்தக் காலத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறோம். காலம் எப்போதும் முதலாளியின் பெயரிலேயே பட்டா போடப்படுகிறது.

உங்களைத் திட்டத் துணிந்துவிட்டேன். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். எண்பதுகளில் ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். ஒரு லாரி செட்டில் கணக்கெழுதும் இளைஞர் நாற்பது பக்க நோட்டில் ஒரு குறுநாவலை எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்தேன். ஓர் இன்லேண்டு கடிதம் எழுதினேன்: தங்கள் படைப்பு கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது, மேற்கருத்து அறிவதற்காக நண்பர் ஒருவருக்கு அனுப்பப்பட்டுள்ளது, தொடர்ந்து எழுதவும். நோட்டு என் மேசையில் பழைய இதழ்களுக்கு அடியில் கிடந்தது. அன்று மாலை டீக்கடையில் நண்பர்களிடம், பையனுக்குச் சாதாரண மூளைதான் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அடிமைகளின் கதைக்கு நடுவே இதைச் சொல்லலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அந்தப் பதிலின் குரல் மட்டும் எனக்குப் பழக்கமான குரல்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகக் கண்காட்சியில் அவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு குழந்தை. சண்டைக்கு வந்தவர் போல் இல்லை. "நண்பருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தீர்கள் ஐயா. யாருக்கு அனுப்பினீர்கள்? விலாசம் கொடுத்தால் நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை" என்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து உண்மையாகவே தேடினேன்.

உங்கள் மகளிடம் பானெக்கரின் கடிதத்தைக் கொடுங்கள். பதிலையும் கொடுங்கள். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள்.

அந்த நோட்டு தொலைந்துவிட்டது என்றுதான் இந்தக் கடைசி வரியை முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அதை நான் தொலைத்தேன்.

அன்புடன்.