கணுக்கால் அடிக்கடி சுளுக்குகிறது. விளையாடும்போது எதை அணிவது?

ஒரே கணுக்கால் மூன்றாவது முறையாகச் சுளுக்கியிருக்கிறது என்கிறீர்கள். இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறையை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அது கதகதப்பாக இருக்கும்; கால் புரள்வதைத் தடுக்காது. குதித்து இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்புறக் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் இணைப்புநார் கிழிவதுதான் பெரும்பாலான சுளுக்கு. அந்த மடங்கலைத்தான் தடுக்க வேண்டும்.

ஷூவைப் போல நாடா கட்டி, அதன்மேல் இரண்டு பட்டைகளை எட்டு வடிவில் சுற்றும் பிரேஸ்தான் (கணுக்காலைத் தாங்கும் கவசம்) என் முதல் தேர்வு. மூட்டு மிகவும் தளர்ந்திருந்தால், இருபுறமும் கெட்டித் தகடும் கீலும் உள்ளதை வாங்குங்கள். பாதம் மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் சாயாது. கணுக்காலில் ஒட்டிச் சுற்றும் டேப்பும் நல்லதுதான், ஆனால் வியர்வையிலும் ஓட்டத்திலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். பிரேஸை விளையாட்டுக் காலுறையோடும் ஷூவோடும் போட்டுப் பாருங்கள். விரல்கள் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம்.

கூடவே, தினமும் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். பல் துலக்கும் நேரம் போதும். தடுமாற்றம் குறைந்ததும், சுவரருகே நின்று கண்களை மூடிச் செய்யுங்கள். சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் புரண்டால், பிரேஸ் வாங்கும் முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.